பேசாத அறையில் ஒரு குறட்டை

பரீட்சை வைக்க வந்த அம்மாள் குறட்டை விட ஆரம்பித்தபோது மாப்பிள்ளை இரண்டாவது மெட்டின் நடுவில் இருந்தார்.

முதலில் அவர் அதைக் குறட்டை என்று நம்பவில்லை. மின்விசிறியில் ஏதோ உரசுகிறது என்று நினைத்துக்கொண்டு, கிதாரில் ஓடும் விரலை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். விசிறி அதுபாட்டுக்குச் சத்தமில்லாமல், கொட்டாவி விடுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

நாற்காலி அம்மாளின் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது. மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள், தாளின் மேல் சாய்ந்து கிடந்த பேனா. வாய் லேசாகத் திறந்திருந்தது. மதிப்பெண் போட வேண்டிய கட்டங்களில் பாதி இன்னும் காலியாக இருந்ததை மாப்பிள்ளை இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த அம்மாளோ கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் சமாச்சாரமே அந்த முகத்துக்கு எட்டவில்லை.

நாற்காலி அம்மாளைக் கூப்பிட்டு எழுப்பலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. அந்த அறையின் சட்டம் அது.

மாப்பிள்ளை படித்துக்கொண்டிருந்தது இசை சிகிச்சை. பாட்டால் வலியை மறக்கடிப்பது, பதற்றத்தைத் தணிப்பது, பேச்சு திக்குகிறவர்களைப் பேச வைப்பது என்று அதில் பல பிரிவுகள். இவர் எடுத்துக்கொண்டது தூக்கம். பயிற்சி நிலையத்தின் முதல்வர் எப்போதும் ரகசியம் சொல்வது போலவே பேசுவார். அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சு நகர்ந்து நகர்ந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிடும். "நோயாளி வாயால சொல்றதுல பாதி நமக்காகச் சொல்றது. மூச்சு மட்டும் யாருக்காகவும் நடிக்காது," என்பார். அவர் சொல்லிக் கொடுத்த வித்தை கேட்பதற்கு எளிது. எதிரில் இருப்பவரின் மூச்சைப் பார். அது ஓடினால் உன் வாசிப்பும் கூடவே ஓடட்டும். ஓடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நடைக்கு வா. உன்னை நம்பி அதுவும் நடைக்கு வரும். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்துவிடலாம்.

இந்த வித்தை கைவந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கடைசிப் பரீட்சை. வாரத்துக்கு ஒன்றாக நான்கு பிற்பகல். நான்காவது பிற்பகல் முடியும்வரை அறைக்குள் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அறிமுகம் கிடையாது, வணக்கம் கிடையாது, தொண்டையைச் செருமினால்கூட முதல்வருக்குப் பிடிக்காது. பேசுவதெல்லாம் இசையே பேச வேண்டும்.

மாப்பிள்ளைக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தார். கண்ணைத் திறந்தபோது தூக்கம் வராதவர் வீட்டுக்குப் போயிருந்தார். பரீட்சகரும் போயிருந்தார். மூன்றாவது தடவை என்ற பேச்சே அந்த நிலையத்தில் இல்லை.

அதனால் இந்தத் தடவை கதவைத் திறந்த கணமே அறையை ஒரே பார்வையில் அளந்துவிட்டார். கட்டிலில் ஓர் அம்மாள், விறைப்பாக, ஒரு கையை இடுப்புக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி. நாற்காலியில் இன்னோர் அம்மாள், கண்ணாடி, அட்டை, பேனா சகிதம். பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு அறிமுகம் எதற்கு என்று முதல்வரின் ஞானத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டுதான் கிதாரை எடுத்தார்.

இப்போது ஞானம் எதற்கும் உதவவில்லை. பரீட்சகர் பார்க்காத சிகிச்சை நடக்காத சிகிச்சை. மாப்பிள்ளை யோசித்து யோசித்து, கடைசியில் தடித்த கம்பியை ஒரு சுண்டு சுண்டினார்.

அறை அதிர்ந்தது. நாற்காலி அம்மாள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்ட பயணி போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். பேனாவைத் தேடி எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கட்டத்தில் எதையோ எழுதினார். நிச்சயமாகக் குறைச்சலான எண்தான். கட்டில் அம்மாள் அதற்குமேல் விரிய முடியாது என்று மாப்பிள்ளை நினைத்திருந்த கண்களை இன்னும் கொஞ்சம் விரித்து, தலையைத் திருப்பி, அவரை முதல்முறையாகப் பார்த்தார். தூங்கப் போகிறவர் பார்வை அல்ல அது.

மாப்பிள்ளைக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் பத்திரமாக இருந்தது. மச்சானின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து லாரி டிரைவர், எதிர்க்கடைக்காரர், ஏன், குளியலறைக்குத் தரை பார்க்க வருகிறவர்கள்கூட அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். கடையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் ஒட்டவில்லை. வழவழப்பா சொரசொரப்பா என்று கேட்பதற்குள் அவர் மனம் எங்கோ போய்விடும்; வாடிக்கையாளரும் போய்விடுவார்.

இசை சிகிச்சைக்கு அவர் வந்தது ஆசையால் அல்ல. மகள் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடந்தபோது, அந்தப் பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்குள்ளேயே ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார். திரையில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்புக் கோடு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் நிறுத்தாதீங்க என்று மட்டும் சொன்னாள். மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறாள். அந்த 'நிறுத்தாதீங்க' மட்டும் அப்பாவின் காதைவிட்டுப் போகவே இல்லை.

முதல் பிற்பகலின் அவமானத்தோடு வீட்டுக்கு வந்தவர், தவறு மெட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். தூக்கம் வராதவரைத் தூங்க வைத்து, பரீட்சகரைத் தூங்க வைக்காமல் விடுகிற மெட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். மனைவி தையல் மிஷினில் யாருடைய சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பரீட்சகராக வைத்துக்கொண்டார். மச்சான் அந்த நேரம் பார்த்துக் கடைக்குக் கூப்பிட வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவரை நோயாளியாக வைத்துக்கொண்டார்.

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தரையில் கோடு போட்டிருந்தது. மாப்பிள்ளை வாசிக்க வாசிக்க மிஷினின் கடகடப்பு தாளத்துக்கு வந்து, தேய்ந்து, நின்றது. மனைவி சட்டையின் கை இரண்டையும் வாய் மூடித் தைத்துவிட்டு, அதன்மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். சமையலறையில் பால் பொங்கி, அடுப்பை அணைத்து, தானும் அடங்கியது. மச்சான் சோபாவில் மலை சாய்ந்தது போலச் சாய்ந்திருந்தார்.

அவர் எழுந்தபோது மாப்பிள்ளை பெருமையோடு, பாத்தீங்களா மச்சான், வேலை செய்யுது என்றார்.

"என்னைத் தூங்க வைக்கப் படிப்பா வேணும் மாப்பிள்ளை? நம்ம கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தாலே நான் தூங்கிருவேன்," என்றார் மச்சான். பிறகு தணிந்த குரலில், "நான் விளையாட்டுக்குச் சொல்லல. இந்தத் தடவையும் போச்சுன்னா கிதாரை பரண்ல போட்டுட்டு கடைக்கு வந்துருங்க. பாத்ரூம் பகுதிக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்," என்றார்.

நிரந்தரம் என்ற சொல்லுக்கு அவ்வளவு ஈரமான ஓர் அர்த்தம் இருப்பது மாப்பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது.

மெட்டு ஆள் பார்த்து வேலை செய்யாது என்பது உறுதியாகிவிட்டது. அப்படியானால் வைத்தியம் பரீட்சகருக்குத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது பிற்பகலுக்கு மனைவி கள்ளிச் சொட்டாகக் காப்பி போட்டு பிளாஸ்கில் கொடுத்தாள். "எக்ஸாமினர் மேடம் ஒரு வாய் குடிச்சா போதும், வீட்டுக்குப் போனப்புறமும் உங்களையே பாத்துக்கிட்டிருப்பாங்க," என்றாள்.

காப்பி கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மாப்பிள்ளை அறைக்குள் நுழைந்ததும் கோப்பையில் ஊற்றி, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த முக்காலியில் மரியாதையோடு வைத்தார். மணம் எழும்பியது. நாற்காலி அம்மாள் அந்தக் கோப்பையை, பிரிந்துபோன உறவைப் பார்ப்பது போலப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டி, முக்காலியை மெல்லத் தள்ளி வைத்தார்.

தள்ளி வைத்த இடம் கட்டிலோரம். கட்டில் அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, கோப்பையை எடுத்து, ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. தூக்கம் வராதவருக்குக் காப்பி கொடுத்த ஒரே இசை சிகிச்சை மாணவர் என்று தம் படத்தை நிலையத்தில் மாட்டப் போகிறார்கள் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அன்று கட்டில் அம்மாளின் கால் கட்டைவிரல்கூட விழித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சைத் துரத்தித் துரத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். இடையில் தம்மை அறியாமலே அவர் வாசிப்பு தளர்ந்து வேறு ஒரு மூச்சின் பின்னால் போயிருந்தது. சுதாரித்துப் பார்த்தால் அது நாற்காலிப் பக்கத்து மூச்சு. பரீட்சகர் மறுபடியும் தாடையை மார்பில் வைத்துவிட்டார்.

கிதாரின் அடிப்பக்கத்தைச் சுவரில் டொக்கென்று இடித்து அவரை எழுப்பினார். அம்மாள் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ எதையோ கையிலிருந்து பறிகொடுத்தவர் போல மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, கட்டங்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தப் பார்வை கோபத்தைவிட அதிகமாகக் குத்தியது.

வெளியே நடைபாதையில், எப்போதும் ஒரு பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் அன்றும் இருந்தாள். நிலையத்தில் வேலை செய்கிறவள் என்று மாப்பிள்ளை முதல் நாளே தீர்மானித்திருந்தார். அறைக்கு வெளியே பேசலாம் என்பதால், எப்படிப் போகுது என்று அவள் கேட்டதும் மனசு பொங்கிவிட்டது.

"கட்டில்ல இருக்கறவங்க அசையவே மாட்டேங்கறாங்க," என்றார்.

"அவங்க அவ்வளவு சுலபமா அசைய மாட்டாங்கன்னுதான் இங்க எல்லாரும் சொல்றாங்க," என்றாள் அவள் பரிதாபமாக.

நிலையத்திலேயே பேர் போன நோயாளியைத் தம் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை முதல்வரின் ஞானத்தைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது பிற்பகலுக்கு அவர் வெளிச்சத்தையும் காற்றையும் நம்பினார். மூடிய அறையில் யாருக்குத்தான் கண் சொக்காது? உள்ளே போனதும் திரையை ஒதுக்கி ஜன்னலை விரியத் திறந்தார். பற்றாததற்குத் தம் இருக்கையை நாற்காலிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். வாசிக்கும்போது காலால் நாற்காலிக் காலை லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பரீட்சகர் தூங்கவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. தாளம் போடுவது குற்றமா என்ன.

ஜன்னலுக்கு வெளியே மேகம் ஒன்று வேறு வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் மாடித் தொட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுவதற்கு முன்னால் சற்று யோசித்தது. புறாக்கள் ஏதோ பேசி முடிக்கவே மாட்டாமல் பேசின. திரை உப்பி, தாழ்ந்து, மறுபடி உப்பியது. அறையே மூச்சு விடுவது போல இருந்தது. மாப்பிள்ளையின் விரல் அந்த மூச்சோடு போயிற்று. கால் தட்டத் தட்ட நாற்காலி முன்னும் பின்னும் இம்மி இம்மியாக ஆடியது. எழுப்புவதற்காகப் போட்ட தாளம் தொட்டிலாகிவிட்டது என்பது அவருக்கு உறைப்பதற்குள் பரீட்சகர் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கத்துக்குத்தான்.

மாப்பிள்ளை பதற வேண்டியவர். பதறவில்லை. டைல்ஸ் கடைக்குள் தண்ணீர் வந்திருந்தது. தெளிந்த தண்ணீர். நீலத் தரை ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று இலைகளைப் போல மிதந்தன. மச்சான் ஒரு பெரிய ஓட்டின் மேல் சம்மணம் போட்டு, கணக்கப்பிள்ளையின் தோளில் சாய்ந்துகொண்டு மிதந்து போனார். மனைவி மேகத்துக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அளவு சரியா என்று கேட்டாள். கொஞ்சம் தொளதொளவென்றே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் கால் உதறி நாற்காலிக் காலில் பலமாக மோதியது. பரீட்சகர் சரிந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தப்பினார். மாப்பிள்ளை விழித்துப் பார்த்தபோது அவர் விரல் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி முன்னால் தூங்கிவிட்டு அந்த நோயாளியிடமே அசடு வழிந்த மனிதர் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கிதாரை அதன் உறைக்குள் போட்டார். எல்லாம் முடிந்தது, மச்சானிடம் சொல்லிவிடு என்றார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை.

"அந்த நாற்காலி அம்மா தூங்கறப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை யோசித்தார். மூன்று வாரமாக அந்தத் தூக்கத்தைத் தம் எதிரியாகத்தான் பார்த்திருந்தார். இப்போது நினைத்துப் பார்த்தால் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். முதலில் புருவம் இளகும். அப்புறம் கன்னம். கடைசியில் கைவிரல்கள், யாருக்கோ பயந்து இறுக்கிப் பிடித்திருந்ததை விடுவது போல ஒவ்வொன்றாகப் பிரியும்.

"நம்ம பாப்பா பெட்டிக்குள்ள அடங்கினா பாரு, அப்படி," என்றார்.

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவங்களை ஏங்க எழுப்பினீங்க?"

"பரீட்சை."

"ம்," என்றாள். மனைவிமார் 'ம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கணவன் இன்னும் பிறக்கவில்லை.

நான்காவது பிற்பகல் அவர் கையில் காப்பி இல்லை, மனதில் தந்திரம் இல்லை. ஒரே ஒரு தீர்மானம் மட்டும் இருந்தது. பரீட்சகர் கண் சொருகினால் நாற்காலிக் காலை உதைப்பது, எத்தனை தடவை ஆனாலும் உதைப்பது. கடைசி நாள் மரியாதை பார்த்தால் காலமெல்லாம் குளியலறைத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மழை வரும் போலிருந்தது. அறைக்குள் வெளிச்சம் சாம்பலும் பொன்னுமாகக் கலந்து கிடந்தது. கட்டில் அம்மாள் வழக்கம்போல விறைத்துப் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவருடைய மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். நாலடி கூடப் போனார். அந்த மூச்சில் ஓட்டமும் இல்லை, தவிப்பும் இல்லை. பக்கத்தில்தான் ஒரு மூச்சு, பெரிய கூட்டத்தில் தொலைந்த குழந்தை போல, நின்று, ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. விரல் தானாக அதன் கையைப் பிடித்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் நடையாயிற்று. பேனா மடியில் உருண்டது. மூக்குக் கண்ணாடி சரிந்தது. புருவம் இளகியது.

மாப்பிள்ளை காலைப் பின்னுக்கு இழுத்தார். நாற்காலிக் கால் ஒரு சாண் தூரத்தில், உதைக்க வாகாக இருந்தது.

அந்த அம்மாளின் கன்னம் இளகியது. விரல்களில் முதலாவது பிரிந்தது. மாப்பிள்ளை மச்சானை நினைத்தார், கடையை நினைத்தார், பரணை நினைத்தார். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தும் கால் நகரவில்லை. இவ்வளவு களைத்துப்போன ஒரு மனுஷி கடைசியாகக் கண்ணயர்கிறாள். அவளை ஒரு சான்றிதழுக்காக உதைத்து எழுப்புகிறவன் அப்புறம் யாரைத் தூங்க வைத்து என்ன என்று தோன்றியது. அழுகை வந்தது. பரீட்சை போனால் போகட்டும் என்று மனதாரச் சொல்லிக்கொண்டார்.

ஒரு கையால் கம்பியை மீட்டிக்கொண்டே மறு கையால், விழப் போன மூக்குக் கண்ணாடியைப் பூப்போல எடுத்து முக்காலியில் வைத்தார். பிறகு கட்டிலைப் பார்த்து, மன்னிச்சிருங்க, உங்களுக்கு என்னால முடியல என்று கண்ணாலேயே சொன்னார். கட்டில் அம்மாள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் இவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தது.

அதன் பிறகு மாப்பிள்ளை யாருக்காகவும் வாசிக்கவில்லை, அந்தத் தூக்கத்துக்காக மட்டும் வாசித்தார். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. வெளியே மழை தொடங்கியதா, அல்லது அதுவும் தம் விரலிலிருந்துதான் வருகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு கம்பியைத் தொட்டார். அது ஒலித்து, தேய்ந்து, இல்லாமல் போன இடத்தில் ஆழமான, சீரான மூச்சு ஒன்று மட்டும் இருந்தது.

நேரம் முடிந்ததற்கான மணி வெளியே மெதுவாக ஒலித்தது. இனிப் பேசலாம். மாப்பிள்ளை எழுந்து நின்று, வாங்கிக்கொள்ளப் போகிற திட்டுகளுக்கு ஏற்றபடி தோளைத் தாழ்த்திக்கொண்டார்.

கதவு திறந்தது. பையோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கை வாயைப் பொத்தியது, கண் நிறைந்து வழிந்தது. பிறகு செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, நுனிக்காலில் நடந்து கட்டிலருகே போய்க் குனிந்து, படுத்திருந்த அம்மாளின் காதோரம் கிசுகிசுத்தாள்:

"எக்ஸாமினர் மேடம், உங்களுக்கு இடுப்பு வலின்னு தெரியும், ஆனா எங்கம்மா கண்ணை மூடி மாசக்கணக்காச்சு, எந்நேரமும் அந்தக் குறுக்கெழுத்துக் கட்டத்தோடதான் முழிச்சிருந்தாங்க, கொஞ்சம் கட்டிலை விட்டு எறங்கினீங்கன்னா நாற்காலியிலேர்ந்து அவங்களைத் தூக்கிப் படுக்க வச்சிடலாம்."